ஆய்வகக் கேள்வி பதில்: காந்தம் ஒட்டாவிட்டால் மட்டும் போதுமா?

ஆய்வகக் கருவிகளைத் தாங்களே செய்துகொள்ளும் கல்லூரிகளிலிருந்தும் பணிமனைகளிலிருந்தும் வந்த கடிதங்களில், பொருள்களின் காந்த ஏற்புத்திறன் தொடர்பானவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். காந்தப்புலத்தில் வைத்த பொருள் எவ்வளவு காந்தமேறும் என்பதைச் சொல்லும் எண் அது; கூட்டல் குறி என்றால் காந்தம் ஈர்க்கும், கழித்தல் குறி என்றால் விலக்கும். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லா எண்களும் எஸ்.ஐ. முறையில், பருமன் சார்ந்த ஏற்புத்திறன், அலகு 10⁻⁶. அதாவது “செம்பு −9.6” என்றால் −9.6 × 10⁻⁶ என்று பொருள்.

கேள்வி: தண்ணீரின் காந்த ஏற்புத்திறன் ஒரு புத்தகத்தில் −0.72, இன்னொன்றில் −9.05, வேறொரு அட்டவணையில் −13 என்று இருக்கிறது. மூன்றிலும் 10⁻⁶ போட்டிருக்கிறார்கள். எது சரி?
— இயற்பியல் ஆசிரியர், தஞ்சாவூர்

மூன்றும் சரி. −13 என்பது பழைய சி.ஜி.எஸ். முறையில் ஒரு மோல் தண்ணீருக்கான மதிப்பு (சரியாகச் சொன்னால் −12.97). அதை மோல் நிறையான 18-ஆல் வகுத்தால் ஒரு கிராமுக்கு −0.72. தண்ணீரின் அடர்த்தி 1 என்பதால் ஒரு கன சென்டிமீட்டருக்கும் அதே −0.72 தான். அதை 4π-ஆல், அதாவது 12.57-ஆல் பெருக்கினால் எஸ்.ஐ. மதிப்பு −9.05 கிடைத்துவிடும்.

வேதியியல் கையேடுகளில் பெரும்பாலும் மோல் மதிப்புதான் இருக்கும். உலோகங்களுக்கு மாற்றும்போது அடர்த்தியை மறக்கக் கூடாது. அலுமினியத்துக்கு மோல் மதிப்பு +16.5. அணு நிறை 27-ஆல் வகுத்து, அடர்த்தி 2.7-ஆல் பெருக்கி, 12.57-ஆல் பெருக்கினால் +20.7. செம்புக்கு −5.46, 63.55-ஆல் வகுத்து, 8.96-ஆல் பெருக்கி, 12.57-ஆல் பெருக்கினால் −9.7 வரும். அட்டவணைகளில் இது −9.6 என்று இருப்பதும் உண்டு. அந்தச் சிறு வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம்.

பொருட்படுத்த வேண்டியது வேறு. ஒரு பொருளின் மதிப்பை சி.ஜி.எஸ். அட்டவணையிலிருந்தும் இன்னொன்றின் மதிப்பை எஸ்.ஐ. அட்டவணையிலிருந்தும் எடுத்து ஒப்பிட்டால் பன்னிரண்டரை மடங்கு பிழை நுழைந்துவிடும். இரண்டு முறையிலும் இந்த எண்ணுக்குப் பெயரில் அலகு கிடையாது என்பதால் பிழை கண்ணுக்கே தெரியாது. எந்த அட்டவணையை எடுத்தாலும் முதலில் தண்ணீரின் வரியைப் பாருங்கள். அங்கே இருக்கும் எண்ணே அந்த அட்டவணை எந்த முறையில் போட்டது என்று காட்டிவிடும்.

கேள்வி: 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வாங்கும்போது காந்தம் ஒட்டவில்லை. வளைத்து, துளையிட்டு, வெல்டிங் செய்து பெட்டியாக்கிய பிறகு மூலைகளிலும் வெல்டிங் கோட்டிலும் ஒட்டுகிறது. மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டார்களா?
— பணிமனைப் பொறுப்பாளர், கோயம்புத்தூர்

கடைக்காரரைக் குறை சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை. 304 உலோகம் காந்தத்தில் ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம் அதன் ஆஸ்டினைட் என்ற படிக அமைப்பு. அந்த அமைப்பை அறை வெப்பத்தில் தாங்கிப் பிடிப்பது நிக்கல். 304-இல் நிக்கல் 8 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. தாங்குவதற்கு அது விளிம்பு நிலை. சூடாக்காமல் வளைத்தாலும், வெட்டினாலும், மரை போட்டாலும் அந்த இடத்தில் ஆஸ்டினைட்டின் ஒரு பகுதி மார்ட்டென்சைட்டாக மாறுகிறது. மார்ட்டென்சைட் இரும்பைப் போலவே ஃபெர்ரோ காந்தம், அதாவது காந்தம் வலுவாக ஈர்க்கும் வகை. ஆகவே வளைந்த மூலை, கத்தரித்த விளிம்பு, இழுத்த கம்பி, சுருள்வில், குளிர்நிலையில் தலை அடித்த ஸ்க்ரூ ஆகியவற்றில் ஒட்டும். தகட்டின் நடுவில் ஒட்டாது. 304-ஐத் திரவ நைட்ரஜனில் முக்கினாலும் ஓரளவு இந்த மாற்றம் நடக்கலாம். திரும்ப அறை வெப்பத்துக்கு வந்தாலும் அது பழையபடி ஆகாது.

வெல்டிங் கோட்டின் கதை வேறு. 304-க்குப் போடும் 308 எல் வகை நிரப்புக் கம்பியின் கலவையே, உறையும்போது ஃபெர்ரைட் என்ற இன்னொரு படிக அமைப்பு கொஞ்சம் உண்டாகும்படி அமைக்கப்பட்டது. அது இல்லாவிட்டால் வெல்டிங் சூட்டிலேயே விரிசல் விடும். அந்த ஃபெர்ரைட்டும் காந்தத்தில் ஒட்டும்.

சரிசெய்ய வழி அனீலிங். 1,040 முதல் 1,100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, உடனே நீரில் முக்கியோ வாயு வீசியோ விரைவாக ஆற்ற வேண்டும். 700 டிகிரியில் போட்டு எடுத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். 500 முதல் 800 டிகிரி வரையிலான இடைவெளியில் நேரம் கழித்தால் குரோமியமும் கார்பனும் சேர்ந்து படிக எல்லைகளில் ஒதுங்கும். காந்தத் தன்மை குறைவதுபோல் தோன்றும், ஆனால் பிறகு அந்த எல்லைகள் வழியே துரு அரிக்கும். 1,050 டிகிரியில் மெல்லிய தகட்டுப் பெட்டி கோணிக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆகவே வேலை வரிசை இப்படி இருக்கட்டும்: வளைப்பதும் வெல்டிங்கும் முதலில், அனீலிங் அடுத்து, கடைசல் கடைசியில். அந்தக் கடைசலும் கூரான கருவியால், மெல்லிய வெட்டாக. மழுங்கிய டிரில் பிட் வெட்டுவதைவிடத் தேய்ப்பதுதான் அதிகம்; மார்ட்டென்சைட்டை உண்டாக்க அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. வெல்டிங் ஃபெர்ரைட் அனீலிங்கில் குறையும், முழுவதும் போகாது.

புதிதாக வாங்குவதானால் 316 எல் எடுங்கள். அதில் நிக்கல் 10 முதல் 14 சதவீதம். நைட்ரஜன் சேர்த்த 316 எல்.என். இன்னும் உறுதி. ஏறத்தாழ 20 சதவீத நிக்கல் உள்ள 310, வளைத்தாலும் அசையாது, விலைதான் இடிக்கும்.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நன்றாக அனீல் செய்து, கைக்காந்தம் துளியும் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் ஏற்புத்திறனே ஏறத்தாழ +3,500 முதல் +6,700 வரை. தண்ணீரைப்போல் சில நூறு மடங்கு. உங்கள் பெட்டி வெற்றிட அறைக்கு என்றால் எந்தக் கவலையும் வேண்டாம். காந்தமானியைச் சுற்றி வைக்க என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை விட்டுவிட்டு அலுமினியத்துக்குப் போங்கள்.

கேள்வி: வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் காந்தம் ஒட்டினால் அது மட்ட ரகமா?
— வாசகர், மதுரை

அப்படிச் சொல்ல முடியாது. 430 போன்ற ஃபெர்ரைட் வகை எவர்சில்வர் முழுக்கவே காந்தத்தில் ஒட்டும். அதுவும் முறையான எவர்சில்வர்தான். இண்டக்‌ஷன் அடுப்புப் பாத்திரங்களின் அடியில் வேண்டுமென்றே அதை வைக்கிறார்கள். மறுபக்கம், நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை உலோகத்தில் காந்தம் ஒட்டாது, ஆனால் துரு எதிர்ப்பில் அது 304-க்குக் கீழே. ஆகவே பாத்திரத்தின் தரத்தை அறியக் காந்தம் உதவாது.

கேள்வி: 400 மெகா ஹெர்ட்ஸ் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவியில் சாம்பிளைச் சுற்றியிருக்கும் புரோபுக்கு ஒரு சிறு தாங்கி செய்கிறோம். சாம்பிளிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் எம் 3 ஸ்க்ரூ வருகிறது. 316 போடலாமா, டைட்டானியம் போட வேண்டுமா?
— ஆராய்ச்சி மாணவர், சென்னை

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். சிறிய ஸ்க்ரூவை அதே பருமனுள்ள ஒரு கோளமாக எடுத்துக்கொள்ளலாம். 2 மி.மீ. ஆரக் கோளத்தின் பருமன் சுமார் 34 கன மி.மீ.; குட்டையான எம் 3 ஸ்க்ரூ அந்த அளவில்தான் வரும். காந்தப்புலத்தின் திசையில், கோளத்தின் மையத்திலிருந்து ஒரு தூரத்தில் புலம் எவ்வளவு மாறும் என்பதற்குக் கணக்கு இது: ஏற்புத்திறனை மூன்றால் வகுத்து, இரண்டால் பெருக்கி, ஆரத்துக்கும் தூரத்துக்கும் உள்ள விகிதத்தின் முப்படியால் பெருக்க வேண்டும். புலத்துக்குச் செங்குத்தான திசையில் இதில் பாதி, குறி எதிராக.

இங்கே விகிதம் 2-க்கு 30, முப்படி 0.000296. ஏற்புத்திறன் +5,000 உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு விடை, பத்து லட்சத்தில் ஏறக்குறைய 1 பங்கு. உங்கள் கருவியில் அது 400 ஹெர்ட்ஸ். டைட்டானியத்துக்கு (+180) 14 ஹெர்ட்ஸ். செம்புக்கு 1 ஹெர்ட்ஸுக்கும் குறைவு. நல்ல நிறமாலையில் கோட்டின் அகலமே 1 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும் என்பதை வைத்துப் பார்த்தால் முடிவு தெளிவு. புலத்தைச் சீராக்கக் கருவியில் இருக்கும் ஷிம் சுருள்கள், சாம்பிள் முழுவதும் மெதுவாக மாறும் பிழையைத்தான் திருத்தும். பக்கத்தில் இருக்கும் ஒற்றை ஸ்க்ரூ உண்டாக்கும் செங்குத்தான சரிவு அவற்றின் கைக்குள் அடங்காது.

பலர் டைட்டானியத்தை “முழுக்கக் காந்தமற்றது” என்று நம்பி வாங்குகிறார்கள். வலிமையும் துரு எதிர்ப்பும் அதற்கு உண்டு. ஆனால் ஏற்புத்திறனில் அது அலுமினியத்தைப்போல் எட்டு ஒன்பது மடங்கு. உங்கள் தாங்கிக்குப் பளு இல்லை என்றால் பீக் அல்லது நைலான் ஸ்க்ரூ போடுங்கள். இப்படிப்பட்ட பிளாஸ்டிக்குகளின் மதிப்பு தண்ணீரை ஒட்டியே இருக்கும். பளு உண்டு என்றால் ஸ்க்ரூவைத் தூரத் தள்ளுங்கள். தூரம் இரட்டித்தால் பாதிப்பு எட்டில் ஒன்றாகக் குறையும். விலை உயர்ந்த உலோகம் வாங்குவதைவிட வரைபடத்தில் துளையை 3 செ.மீ. நகர்த்துவது மலிவு.

கேள்வி: எங்களிடம் ஏற்புத்திறன் அளக்கும் கருவி இல்லை. 0.1 மில்லி கிராம் காட்டும் மின்னணுத் தராசு மட்டும் இருக்கிறது. வாங்கும் உலோகத்தைச் சோதிக்க வழி உண்டா?
— ஆய்வக உதவியாளர், திருச்சி

உண்டு. முறையாகச் செய்தால் செம்பையும் அலுமினியத்தையும் பிரித்துக் காட்டும் அளவுக்கு நுட்பமானது. எடைக்கற்களைச் சோதிக்க அளவியல் நிறுவனங்கள் பயன்படுத்தும் கருவியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது: காந்தம் தராசின் மேல், சாம்பிள் அதற்கு மேலே தராசைத் தொடாமல்.

10 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. உயரமும் உள்ள நியோடைமியம் உருளைக் காந்தம் ஒன்று போதும். 20 செ.மீ. உயரமுள்ள அக்ரிலிக் அல்லது பி.வி.சி. குழாயின் உச்சியில், அச்சு செங்குத்தாக நிற்கும்படி ஒட்டி, அடியில் அகலமான அக்ரிலிக் வட்டு ஒட்டித் தராசுத் தட்டில் நிறுத்துங்கள். இந்த உயரத்தைக் குறைக்காதீர்கள். தராசுக்குள்ளேயே காந்தமும் சுருளும் இருக்கின்றன. உங்கள் காந்தம் நெருங்கினால் அவற்றோடு மல்லுக்கட்டும். நிறுத்திய பிறகு குழாயை மெதுவாகக் கால்வட்டம் திருப்பிப் பாருங்கள். அளவு 0.2 மில்லி கிராமுக்கு மேல் மாறினால் உயரம் போதவில்லை, அல்லது மேசையில் எங்கோ இரும்பு இருக்கிறது.

அடுத்தது சாம்பிளை வைக்க ஒரு பாலம். தராசின் இருபுறமும் மேசையில் நிற்கும் மரக்கட்டைகள், அவற்றின் மேல் மெல்லிய கண்ணாடித் தகடு. தகட்டின் மேற்பரப்புக்கும் காந்தத்தின் நடுப்புள்ளிக்கும் இடையே 10 மி.மீ., அதாவது காந்தத்தின் மேல்முகத்திலிருந்து 5 மி.மீ. இருக்கட்டும். தராசின் கண்ணாடிக் கூண்டு இந்த அமைப்புக்கு உயரம் பற்றாது. மேல் மூடியை எடுத்துவிட்டு, சுற்றிலும் அட்டையால் காற்றுத் தடுப்பு வைத்து, மின்விசிறியை நிறுத்துங்கள். பாலத்தை அதன் இடத்தில் வைத்த பிறகே தராசைச் சுழியாக்க வேண்டும், ஏனெனில் கண்ணாடிக்கும் சிறு பாதிப்பு உண்டு.

இப்போது சாம்பிளைத் தகட்டின் மேல், காந்தத்துக்கு நேராக வையுங்கள். சாம்பிள் குறைந்தது 40 மி.மீ. அகலமும் 20 மி.மீ. கனமும் உள்ள கட்டியாக இருக்கட்டும். ஈர்த்தால் காந்தம் மேலே இழுபடும், தராசு குறைத்துக் காட்டும். விலக்கினால் கூட்டிக் காட்டும். மேற்சொன்ன அமைப்பில் எதிர்பார்க்க வேண்டிய அளவுகள்: செம்புக்கும் தண்ணீருக்கும் ஏறத்தாழ 1 மில்லி கிராம் கூடும். அலுமினியத்துக்கு 2.3 மில்லி கிராம் குறையும். டைட்டானியத்துக்கு 19, நல்ல 316-க்கு 400 மில்லி கிராமை ஒட்டிக் குறையும். கைக்காந்தத்தால் “ஒட்டவில்லை” என்று ஒரே வரியில் தள்ளும் நான்கு உலோகங்களும் இங்கே இவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கின்றன.

இந்த எண்களை அப்படியே நம்பிச் சாம்பிளின் மதிப்பைக் கணக்கிடாதீர்கள். விசை, தூரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. தூரத்தில் 1 மி.மீ. தவறினால் விடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தவறும். அதற்குப் பதிலாக, தெரிந்த தூய அலுமினியக் கட்டி ஒன்றை அதே வடிவில் வெட்டி வைத்துக்கொண்டு, அதையும் சாம்பிளையும் மாற்றி மாற்றி வைத்து விகிதம் எடுங்கள்.

பிறகு காந்தத்தைத் தலைகீழாக ஒட்டி மீண்டும் செய்யுங்கள். ஏற்புத்திறனால் வரும் விசை இரண்டு தடவையும் ஒரே பக்கம் இருக்கும். சாம்பிள் தானே நிலையாகக் காந்தமேறி இருந்தால் அந்தப் பங்கு பக்கம் மாறும். இரண்டின் சராசரி ஏற்புத்திறனைச் சொல்லும். வேறுபாடு நிலைக் காந்தத்தைச் சொல்லும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இந்த இரண்டாவது அளவு மிக முக்கியம்.

தவறு வரும் இடங்கள் சில. சாம்பிளை வேகமாக வைத்தால் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து தராசு குதிக்கும். மெதுவாக வைத்து அரை நிமிடம் பொறுங்கள். பிளாஸ்டிக் சாம்பிளில் நிலைமின்சாரம் இருந்தால் பல மில்லி கிராம் பொய் காட்டும். ஈரத் துணியால் துடைத்து ஆறவிடுங்கள். கைக்கடிகாரமும் செல்பேசியும் அடுத்த அறையில் இருக்கட்டும். கட்டியைத் திருப்பித் திருப்பி எல்லா முகங்களையும் சோதியுங்கள். ஒரு முகம் மட்டும் தனித்து ஈர்த்தால், உலோகத்தைக் குற்றம் சொல்லும் முன், அந்த முகத்தில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அந்தச் சோதனையில் பித்தளை விலக்குவதற்குப் பதில் ஈர்க்கிறது என்றால்?
— அதே வாசகர்

கடைசலுக்கு எளிதான ஈயப் பித்தளையாக இருக்கும். அந்த வகையில் 0.35 சதவீதம் வரை இரும்பு இருக்கத் தர விதிகளே இடம் கொடுக்கின்றன. பித்தளையில் இரும்பு முழுவதும் கரையாமல் நுண்துகள்களாகப் பிரிந்து நிற்கும். துகள்கள் உருண்டையாக இருந்தால், அவற்றின் பருமன் பங்கை மூன்றால் பெருக்கினால் வருவது கூடுதல் ஏற்புத்திறன். பத்து லட்சத்தில் 3 பங்கு இரும்பு +9. செம்பின் விலக்கும் தன்மை முழுவதையும் அழிக்க அதுவே போதும். 0.01 சதவீதம் இருந்தால் +300, டைட்டானியத்தைத் தாண்டிவிடும்.

ஆகவே காந்த வேலைக்கு 70க்கு 30 பித்தளை (இரும்பு வரம்பு 0.05 சதவீதம்), அதைவிட மின்கடத்திக்கு விற்கும் மின்பகுப்புச் செம்பு நல்லது. பழைய உலோகக் கடைக் கம்பியை எடுத்தால் ஒவ்வொரு துண்டையும் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. 6061 அலுமினியத்தில் 0.7 சதவீதம் வரை இரும்பு இருக்கலாம் என்று பார்த்துச் சிலர் அஞ்சுவார்கள். அங்கே இரும்பு அலுமினியத்தோடு சேர்ந்து ஃபெர்ரோ காந்தமல்லாத சேர்மமாகிவிடுவதால் மதிப்பு தூய அலுமினியத்திலிருந்து பெரிதும் தள்ளிப்போவதில்லை.

மேற்பரப்பு அழுக்கு தனிப் பிரச்சினை. எஃகு அரம், கம்பித் தூரிகை, ஸ்டீல் உல் எதுவும் பட்டிருக்கக் கூடாது. எமரித் தாளும் கூடாது. எமரி என்பதே, காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாதுவான மாக்னடைட் கலந்த கல். சிலிக்கன் கார்பைடு தாளைப் பயன்படுத்துங்கள். செம்பு, கண்ணாடி, பிளாஸ்டிக் பாகங்களை 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் வைத்து நன்றாக அலசினால் ஒட்டிய இரும்பு கரைந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அந்த அமிலம் ஆகவே ஆகாது, குழி விழும். அதற்கு 4 முதல் 10 சதவீத சிட்ரிக் அமிலம், 50–60 டிகிரியில், அரை மணி நேரம். அலுமினியத்தை அமிலத்தில் போடாதீர்கள். அதற்கென்று தனி அரமும் தனிக் கருவிகளும் வைத்துக்கொள்வதே வழி.

கேள்வி: ஃப்ளக்ஸ்கேட் காந்தமானியின் (சிறு காந்தப்புலங்களை அளக்கும் கருவி) சென்சார் பலகையைச் செம்பும் பிளாஸ்டிக்கும் மட்டும் வைத்துத்தான் செய்தோம். ஆனாலும் பலகையைத் திருப்பினால் அளவு சில நூறு நானோ டெஸ்லா மாறுகிறது.
— மின்னணுவியல் மாணவர், சேலம்

நிக்கலைத் தேடுங்கள். நம் பகுதியில் பூமியின் புலம் ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா. சென்சாருக்குப் பக்கத்தில் கடுகளவு நிக்கல் இருந்தாலும் அதைக் கோணலாக்கும். தங்க முலாம் பூசிய பலகை என்றால் தங்கத்துக்கு அடியில் 3 முதல் 6 மைக்ரான் நிக்கல் இருக்கிறது. வெள்ளி முலாம் அல்லது வெறும் ஈயப்பூச்சுப் பலகை கேட்டு வாங்குங்கள். சிப் ரெசிஸ்டர், கெபாசிட்டர்களின் இரு முனைகளிலும் வெள்ளீயத்துக்கு அடியில் நிக்கல் படலம் உண்டு. காந்தமற்ற முனை உள்ளவை தனியாக விற்கின்றன. கண்ணாடி டையோடுகளின் கால், செம்புத் தோல் போர்த்திய நிக்கல்–இரும்புக் கம்பி. உலோகத் தொப்பி டிரான்சிஸ்டரின் கால்கள் கோவார், அதாவது இரும்பு, நிக்கல், கோபால்ட். தங்கம்போல் மின்னும் கனெக்டர்களிலும் அடியில் நிக்கல்தான்.

கேபிளையும் விடாதீர்கள். ஆர்.ஜி. 174, ஆர்.ஜி. 316 இரண்டிலும் நடுக்கம்பி செம்பு போர்த்திய எஃகு. ஆர்.ஜி. 58-இல் பொதுவாக வெள்ளீயம் பூசிய செம்புப் புரி வரும். வாங்கும் முன் ஒரு துண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு நியோடைமியம் காந்தத்தைக் காட்டினால் தெரிந்துவிடும். எல்லாப் பாகங்களையும் இதே மாதிரி நூலில் தொங்கவிட்டுச் சோதித்துவிட்டுத்தான் ஈயப்பற்று வைக்க வேண்டும். பலகையில் ஏறிய பிறகு குற்றவாளியைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

கேள்வி: திரவ ஹீலியம் வெப்பநிலை வேலைக்குத் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?
— ஆராய்ச்சி மாணவர், பெங்களூரு

தனி அணுக்களாகக் கலந்திருக்கும் பாரா காந்த (காந்தம் மெல்ல ஈர்க்கும்) மாசுகளின் ஏற்புத்திறன், வெப்பநிலைக்கு எதிர்விகிதமாக ஏறும். 300 கெல்வினிலிருந்து 4 கெல்வினுக்குப் போனால் 75 மடங்கு. அறை வெப்பத்தில் மேற்சொன்ன தராசுச் சோதனையில் தேறியது அங்கே தோற்கலாம். சென்சார் கம்பிக்குச் செம்பு–நிக்கல் கலவையான கான்ஸ்டன்டன் வேண்டாம். பாஸ்பர் பிரான்ஸ் கம்பி போடுங்கள். ஈயம்–வெள்ளீயப் பற்று 7 கெல்வின் அருகில் மீகடத்தியாகிச் சிறு புலங்களை வெளியே தள்ளும். மீகடத்தி வளையத்தால் மிக நுட்பமாக அளக்கும் ஸ்குவிட் காந்தமானியில் 50 கெல்வின் அருகில் காரணமில்லாத மேடு தெரிந்தால் முதலில் ஆக்சிஜனைச் சந்தேகியுங்கள். ஆக்சிஜன் பாரா காந்தம். 54 கெல்வினில் உறைந்து, 44 கெல்வினில் இன்னொரு படிக அமைப்புக்கு மாறுகிறது. சாம்பிள் அறையை ஹீலியத்தால் சில முறை நிரப்பி வெளியேற்றினால் மேடு மறையும். சாம்பிளைப் பிடிக்க எஃகு இடுக்கி கூடாது. பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம்.

கேள்வி: கல்லூரி வளாகத்தில் பூமியின் காந்தப்புலத்தைப் பதிவு செய்ய ஒரு சிறு அறை கட்டப்போகிறோம். செங்கல் போதும் அல்லவா, அதில் இரும்பு இல்லையே?
— பேராசிரியர், திருநெல்வேலி

இருக்கிறது. செங்கல்லின் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். சூளையில் சுட்டு ஆறும்போது செங்கல் அன்றைய பூமிப் புலத்தைத் தன்னுள் நிலையாகப் பதித்துக்கொள்கிறது. பழங்காலச் சூளைகளின் காலத்தைக் காந்த முறையில் கணிப்பதே இந்தப் பண்பை வைத்துத்தான். சுவரில் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு திசையில் காந்தமேறி உட்காரும். அறைக்குள் புலம் அங்கங்கே வேறுபடும்.

மும்பையின் கொலாபா காந்த ஆய்வகம், நகரத்துக்கு மின் டிராம் வரவிருந்ததால், 1904-இல் அலிபாகுக்கு மாறியது. அங்கே கட்டடத்தைக் காந்தத் தன்மையற்ற போர்பந்தர் மணற்கல்லால் கட்டினார்கள். உங்களுக்கு எளிதில் கிடைப்பதில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லும் மரமும் நல்லவை. கருங்கல், குறிப்பாக “பிளாக் கிரானைட்” என்று விற்கும் டாலரைட் வகை, மாக்னடைட் நிறைந்தது; அதை அடிபீடத்துக்குக் கூடப் போடாதீர்கள். செம்புரைக்கல்லும் வேண்டாம். சிமெண்டிலேயே இரும்புச் சேர்மம் உண்டு. சாம்பல் கலந்த சிமெண்டில் அனல்மின் நிலையச் சாம்பலின் மாக்னடைட் உருண்டைகள் வேறு. சுண்ணாம்புச் சாந்து பாதுகாப்பானது. தென்கடற்கரை மணலில் கருமணல் கலந்திருக்கும் என்பதால் எந்த மணலையும் காந்தத்தைத் துழாவிப் பார்த்தே எடுங்கள். கீலும் தாழ்ப்பாளும் சோதித்த பித்தளை, ஆணிக்குப் பதில் செம்பு ஆணி அல்லது மர ஆப்பு. கம்பி கட்டிய கான்கிரீட் கூரை கூடவே கூடாது.

வண்டியில் வந்திறங்கும் கல்லை ஏற்கும் முன், காந்தமானியின் சென்சாரிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் மாதிரிக் கல்லை மெதுவாகச் சுற்றுங்கள். அளவு அசைந்தால் அந்த வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: செம்பு விலக்குகிறது, அலுமினியம் ஈர்க்கிறது. இரண்டையும் சேர்த்துச் சுழி ஏற்புத்திறன் உள்ள கம்பி செய்ய முடியாதா?
— இயந்திரவியல் பொறியாளர், ஓசூர்

முடியும். என்.எம்.ஆர். சுருள்களுக்கு இப்படி ஈடுசெய்த கம்பிகளைப் பயன்படுத்துகிறார்கள். பருமனில் 32 சதவீதம் அலுமினியமும் 68 சதவீதம் செம்பும் இருந்தால் கூட்டு மதிப்பு சுழி. ஆனால் கம்பியைச் சுற்றிக் காற்று இருக்கிறது, ஆக்சிஜனால் காற்றுக்கு +0.36. காற்றோடு ஒத்துப்போக வேண்டுமானால் அலுமினியம் 33 சதவீதம். வெளிவிட்டம் 1 மி.மீ. உள்ள செம்புக் குழாய்க்குள் 0.57 மி.மீ. அலுமினியக் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பு வெளியே இருப்பது நல்லது. 400 மெகா ஹெர்ட்ஸில் மின்னோட்டம் மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்துக்குள்ளேயே ஓடுவதால் அலுமினியத்தின் மின்தடை குறுக்கே வராது.

கடையில் கிடைக்கும் செம்பு போர்த்திய அலுமினியக் கம்பியை எடுத்துவிடாதீர்கள். அதில் செம்பு 10 அல்லது 15 சதவீதம்தான். மதிப்பு +16 முதல் +18 வரை இருக்கும், வெறும் செம்புக் கம்பியைவிட மோசம். நீங்களே இழுத்துச் செய்வதானால் உள்கம்பி சரியாக நடுவில் இருக்க வேண்டும். ஒருபக்கம் ஒதுங்கினால் மொத்தக் கூட்டு சுழியாக இருந்தும், கம்பிக்கு அருகில் புலம் கோணும். குறுக்கே வெட்டிப் பாலிஷ் செய்து, உருப்பெருக்கியில் நான்கு பக்கமும் செம்பின் கனத்தை அளந்து சரிபாருங்கள். வெட்டுமுனைகளில் இரண்டு உலோகமும் ஈரத்தில் ஒன்றையொன்று அரிக்கும் என்பதால் முனைகளை எபாக்ஸியால் அடைத்துவிடுங்கள். நிறமில்லாத எபாக்ஸியாக இருக்கட்டும், கறுப்பு, சிவப்பு நிறங்களில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்க வாய்ப்பு உண்டு.